அப்பாவின் ஆறு புள்ளி இரண்டு

எங்கள் வீட்டில் யாரும் நீரிழிவு நோய் என்று சொல்வதில்லை. இனிப்பு நீர் என்றுதான் சொல்வோம். பாட்டிக்கு இனிப்பு நீர் இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, 2009-ஆம் ஆண்டு அப்பாவுக்கும் வந்தது. குளுவாங்கிற்கு அருகில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவிய என் பாட்டி, தம் வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகளை ஒரு காலோடுதான் கழித்தார். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று எடுத்துவிட்டார்கள். நான் அப்போது ஆரம்பப் பள்ளி மாணவி. வாசலில் பாட்டியின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, நம் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இடம் கிடைத்தபோதே என் மனத்தில் ஓர் எண்ணம் இருந்தது. என் படிப்பு எதற்கு உதவுகிறதோ இல்லையோ, அப்பாவின் காலைக் காப்பாற்ற உதவ வேண்டும். அந்த எண்ணம் எப்படி நடந்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதை நம் ஆண்டிதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டுக்கு ஒருவராவது இதைப் படித்துவிட்டுத் தன் அப்பாவையோ அம்மாவையோ நினைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கல்யாண விருந்தில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்றால், அவர்களில் மூவர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6-ஆகக் குறைந்தது. ஆனாலும் நம் வீடுகளில் மாத்திரை டப்பாக்கள் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்க்கிறார். இரவு ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிக்கு இறங்குவார். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேராக மாமாக் கடைக்கு விடுவார். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். பிறகு மாசாயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் எழுவார். பல ஆண்டுகளாக அவருடைய நாள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்ததால்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குக் கிளினிக்கில் கொடுத்திருந்த தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மருந்து மட்டும் கிடைத்தது. இரத்தப் பரிசோதனை இல்லை. அடுத்த மாதம் மைசெஜாத்ரா வந்தது. அதுவரை திறன்பேசியை வாட்ஸ்அப் பார்க்கவும் பழைய பாட்டுக் கேட்கவும் மட்டுமே வைத்திருந்த அப்பா, போகப் போக கடை வாசலில் நின்று கோட்டை ஸ்கேன் செய்யப் பழகிக்கொண்டார். சரி, இதுதான் நேரம் என்று நானும் நினைத்தேன். நீரிழிவுக்காரர்களுக்கான ஒரு செயலியை அவர் பேசியில் இறக்கிக் கொடுத்தேன்.

முதல் நாளே குழப்பம். அப்பா விரலில் குத்திப் பார்த்தார், கருவியில் 8.2 என்று வந்தது. அதை அப்படியே செயலியில் எழுதினார். உடனே திரை முழுவதும் சிவப்பானது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, உடனே இனிப்பு உட்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது. அப்பாவுக்கு அதில் இரண்டு சொல் புரிந்தது. பயந்துபோய் அம்மாவிடம் மூன்று கரண்டிச் சீனி போட்டுத் தேநீர் கலக்கச் சொல்லிக் குடித்துவிட்டார். நான் ஓடி வந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மலேசியாவில் நாம் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் பார்க்கிறோம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம் 7.0 அவர்களுக்கு 126. பதினெட்டால் பெருக்க வேண்டும். செயலி அமெரிக்கக் கணக்கில் இருந்தது. நான் அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஆலோசனைகளைப் படித்துவிட்டு, அவர்களுக்கு 140 என்றால் எனக்கு 8 எவ்வளவோ தேவலாம் என்று அப்பா பல நாள் நினைத்துக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

அந்தச் செயலியின் உணவுப் பட்டியலில் பாஸ்தா இருந்தது. ஆப்பிள் பை இருந்தது. ரொட்டி சானாய் இல்லை. காலையுணவுக்கு முன், மதிய உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. மதியம் ஒரு மணிக்கு அது மணியடிக்கும்போது அப்பா ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பார். "ஏம்மா, இந்தப் போன் என்னைத் தூங்க விடமாட்டேங்குதே" என்றார். இரண்டே வாரத்தில் அதை எடுத்துவிட்டோம்.

பிறகு நான் இறுதியாண்டுக்கு வந்தேன். திட்டப்பணிக்கு என்ன தலைப்பு என்று யோசிக்கவே இல்லை. தமிழில் ஒரு நீரிழிவுச் செயலி. அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை படிப்பவர். மொழிதான் தடை என்று நம்பினேன். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் வழி 2005-ஆம் ஆண்டே சிங்கப்பூரில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. திறன்பேசி என்ற சொல்லே நம்மிடையே புழங்காத காலம் அது. அப்படியிருக்க, நம் அப்பா அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேசும் ஒரு செயலி மட்டும் ஏன் தமிழில் இருக்கக் கூடாது என்று முன்மொழிவில் எழுதினேன். விரிவுரையாளரும் ஏற்றுக்கொண்டார்.

செயலி அழகாகத்தான் வந்தது. எண் நல்லதாக இருந்தால் பச்சை நிறம், சிரிக்கும் முகம். கூடினால் சிவப்பு நிறம், அழும் முகம். அப்பா எழுதும் எண் அடுத்த நொடியே விடுதியில் இருக்கும் என் பேசிக்கு வந்துவிடும். அப்பாவோடு சேர்த்து உறவினர், அண்டை வீட்டார் என ஐந்து பேர் பயன்படுத்தினார்கள். முதல் வாரத்தில் அப்பாவின் எண்கள் 12, 13 என்று சிவப்பாக வந்தன. உடனே அழைத்து, "என்னப்பா சாப்பிட்டீங்க? ஏன்பா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்பேன். சில நாள் கத்தியும் இருக்கிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து எண்கள் இறங்கின. 6.4. 6.1. 6.2. எல்லாம் பச்சை. என் வரைபடத்தில் கோடு மலையிலிருந்து இறங்கும் சாலைபோல் அழகாக இறங்கியது. அதை அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் சேர்த்தேன். விடுதித் தோழிகளிடமும் காட்டினேன்.

2022-ஆம் ஆண்டு மே மாதம். படைப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்பாவோடு கிளினிக்குக்குப் போனேன். எச்பிஏ1சி முடிவு வந்திருந்தது. அறியாதவர்களுக்காக ஒரு வரி: இரத்தத்தில் உள்ள சர்க்கரை சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. எனவே, அதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

அப்பாவின் அளவு 10.8.

நான் நம்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் தவறு நடந்திருக்க வேண்டும் என்று சொல்லி என் பேசியை மிஸ்ஸியிடம் நீட்டினேன். பச்சைப் பச்சையாய் எண்கள். மிஸ்ஸி அதைப் பார்த்தார்; அப்பாவைப் பார்த்தார். "அங்கிள், மெஷின் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிஸ்ஸி பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினார். நாம் பார்த்த அளவுகளையெல்லாம் அந்தக் கருவி தேதியோடு சேமித்து வைத்திருக்கும். 13.8. 15.1. 12.6. மூன்று மாதத்தில் மொத்தமே ஒன்பது முறைதான் பார்த்திருந்தார். என் பேசியிலோ எண்பத்து நான்கு எண்கள் இருந்தன.

மிஸ்ஸி ஒன்றும் சொல்லவில்லை. கருவியை அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே காரில் ஏறியதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏன்பா பொய் எழுதுனீங்க?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நம்பர் ஏறுனா நீ போன் பண்ணி அழுவுற. பரீட்ச நேரம். ராத்திரி வேலையில நின்னுக்கிட்டு நான் என்னாத்தச் சொல்லுறது? சின்னதா ஒரு நம்பர் போட்டேன். அன்னிக்கு நீ போன் பண்ணல. சரி, புள்ள நிம்மதியாப் படிக்கட்டும்னு விட்டுட்டேன்." சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "ஸ்ட்ரிப்பும் சும்மா வரலம்மா. ஒன்னு ஒரு வெள்ளிக்கு மேல."

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் உருவாக்கிய செயலி அப்பாவின் சர்க்கரையை அளக்கவில்லை. என் பயத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. அதைக் குறைக்க அப்பா தமக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்திருக்கிறார்.

இனி, திட்டப்பணியை என்ன செய்வது? அறிக்கை அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. ஐவரின் சராசரி இறங்கியது என்பதே என் முடிவு. அதில் அப்பாவின் எண்கள்தாம் அதிகம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓர் இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் விரிவுரையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதைச் சொல்லாமல் விட்டால், உன் செயலியை நம்பி இன்னொருவர் தன் அப்பாவுக்குக் கொடுப்பாரா, மாட்டாரா?" நான்காம் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, செயலி ஏன் தோற்றது என்று புதிதாக எழுதினேன். மற்ற நால்வரையும் நேரில் போய்ப் பார்த்தேன். அவர்களில் இருவர் சிரித்துக்கொண்டே, "நாங்களும் சிலது குத்துமதிப்பாதாம்மா போட்டோம்" என்றார்கள். எனக்கு எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இப்போது வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனாலும் அந்த அத்தியாயத்தைத்தான் இன்றும் எடுத்துப் படிக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் செய்ததை ஒழுங்காகப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 163 நீரிழிவு நோயாளிகளை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கைத்தொலைபேசி வழி வழிகாட்டலும், அதோடு மருத்துவருக்கு அறிக்கையும் கிடைத்த குழுவினரின் எச்பிஏ1சி 1.9 புள்ளி இறங்கியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 0.7 புள்ளி. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்தது இன்னும் எளிமையானது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை கொடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு மட்டும் சாதாரணக் குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். அவரவர் மனம் மாற்றத்துக்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் செய்தி போனது. 2013-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு. சிரிக்கும் முகம் இல்லை, வரைபடம் இல்லை. அவர்கள் முதலில் ஆளைப் பார்த்தார்கள். பிறகுதான் செய்தியை எழுதினார்கள். நான் முதலில் செயலியைச் செய்தேன்; பிறகு ஆளை அதற்குள் திணித்தேன்.

இம்முறை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்களுக்கு இதுல என்னப்பா வேணும்?" என்று முதன்முறையாகக் கேட்டேன். "எனக்கு மாத்திர போட்டேனா போடலையான்னு மறந்து போவுது. அது ஒன்னு போதும்" என்றார். அவ்வளவுதான். காலை, மதியம், இரவு என்பதை எடுத்துவிட்டு ‘வேலைக்கு ஏறும் முன்’, ‘வேலை இறங்கிய பின்’ என்று போட்டேன். முகங்களையும் நிறங்களையும் நீக்கினேன். மணியோசைக்குப் பதிலாக அம்மாவின் குரல்: "சாப்பிட்டு மாத்திரை போட்டீங்களா?" எண்களை எழுத வேண்டாம், வாரத்தில் மூன்று முறை பார்த்தால் போதும், கருவியின் திரையைப் படம் பிடித்தால் போதும் என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தோம். முக்கியமாக, அவை என் பேசிக்கு வருவதை நிறுத்தினேன். கிளினிக்குக்குப் போகும் நாளில் மருத்துவருக்கு மட்டும் காட்ட வேண்டும். எண்ணைப் பார்த்து நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அம்மா சாட்சி.

அடுத்த சந்திப்பில் அந்தப் படங்களை மருத்துவர் வரிசையாகப் பார்த்தார். "வேலை இறங்கிய பின்னா? இரவு வேலையா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் அதைச் சொல்லவே இல்லை. அவர்களும் கேட்க நேர்ந்ததில்லை. மாத்திரை உறையில் ‘காலை, இரவு’ என்று இருந்ததை அப்பா அப்படியே கடைப்பிடித்து வந்தார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சில நாள் சாப்பிடாமலே படுத்துவிடுவார். அப்படிப்பட்ட நாளில்தான் உறக்கத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்திருக்கிறார். சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கினால் அப்படி ஆகும் என்றும், உடனே இனிப்பு எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். மாத்திரை நேரத்தை அவருடைய உறக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்ப மாற்றிக் கொடுத்தார். இத்தனை எண்களைச் சேகரித்த நான், அவற்றைவிட முக்கியமான இந்த ஒரு செய்தியைக் கோட்டை விட்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து 9.4. அதற்கடுத்து 8.3. தீபாவளி முடிந்து 8.9. முறுக்கும் அதிரசமும் யார் வீட்டைத்தான் விட்டன? கடைசியாகப் பார்த்தபோது 7.9. மருத்துவர் இன்னும் இறக்கச் சொல்கிறார். ரொட்டி சானாய் இரண்டு ஒன்றானது. தே தாரிக் ‘குராங் மானிஸ்’ ஆனது. ‘தே ஓ கோசோங்’ வரைக்கும் அப்பா இன்னும் வரவில்லை. கையில் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் சர்க்கரையைத் திறன்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் உணரிகள் இப்போது வந்துவிட்டன. இன்சுலின் போடுபவர்கள் பலருக்கு அது பெரிய உதவி. அப்பாவின் சம்பளத்துக்கு அது மாதாமாதம் கட்டுப்படியாகாது, நான் வாங்கித் தருகிறேன் என்றாலும், "என் நம்பர நிமிசத்துக்கு நிமிசம் யார் பாக்குறது? நீயா?" என்று சிரிக்கிறார்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என நால்வகைப்பட்டது என்கிறது. தமிழ் மொழிக் கழகத்தில் நாம் அதை விழாவுக்கு விழா மேடையில் சொல்லியிருக்கிறோம். திறன்பேசியை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. அது கவனிப்பவரின் கையில் இருக்கும் ஒரு கருவி. கவனிப்பவர் காவல்காரராக மாறிவிட்டால் அந்தக் கருவியும் காவலுக்குத்தான் போகும்.

அன்புத் தம்பி, தங்கைகளே, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் அப்பா, அம்மாவின் பேசியில் ஏதேனும் ஒரு செயலியை இறக்கிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அளவுக் கணக்கு மில்லிமோலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்கள் எத்தனை மணிக்கு உறங்கி எழுகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். அதைக் கிளினிக்கிலும் சொல்லச் சொல்லுங்கள். எண் ஏறினால் உடனே அழைத்துக் கத்தாதீர்கள். காலைப் பாருங்கள், விரல் இடுக்குகளில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் செயலி தேவையில்லை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒப்பந்தப்படி நான் எதுவும் கேட்கவில்லை. அப்பா வேலை இறங்கி வந்து, விரலில் குத்திப் பார்த்துவிட்டு, தாமாகவே கருவியை என் பக்கம் திருப்பினார். 11.3.

"நேத்து வேலையிடத்துல ஒருத்தன் பிறந்தநாள்மா, கேக்கு கொடுத்தான்" என்றார்.

"சரிப்பா" என்றேன். அப்பா அதைப் படம் பிடித்துக்கொண்டார்.